பெயரறியாக் குறிகளும் சுட்டியமைப்பும்

நூலின் இறுதியில் இடம்பெறும் சுட்டியைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வார் அரியர். முகவுரையைப் போற்றுவர், நடையை ஆராய்வர், அச்சுப் பிழைகளையும் எண்ணிக் காட்டுவர், சுட்டியை மட்டும் அச்சகத்தாரின் பொறுப்பென விட்டுவிடுவர். ஆயினும், ஆசிரியர் துணையின்றி ஒரு நூலோடு தனித்திருக்கும் மாணாக்கனுக்குச் சுட்டியே ஆசிரியனாகின்றது. கணினிக்கு ஆணையிடப் பயன்படும் செய்நிரல் மொழிகளின் விளக்கநூல்களில் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படும். அம்மொழிகளிற் பொருள் பயப்பன சொற்கள் மட்டுமல்ல. *, %, &, :=, @ முதலாய குறிகளும் சொல்லுக்கு நிகராகவே பொருள் பயக்கின்றன. சொல்லை அகரவரிசையில் வைத்தல் எளிது. குறியை எவ்வரிசையில் வைப்பது? குறியைக் கண்ணாற் கண்டும் அதன் பெயரை அறியாதான் எப்பக்கத்தைப் புரட்டுவது? இவ்வினாக்களுக்குப் புகழ்பெற்ற விளக்கநூல்கள் சில எவ்வாறு விடையிறுத்தன என்பதும், அவ்விடைகள் தமிழ் மாணாக்கருக்கு எவ்வளவிற் பயன்படும் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

கேகாலை மாவட்டத்து அரநாயக்கப் பகுதியில், மலைச்சாரல் தோட்டமொன்றின் இலயத்திலிருந்து பாடசாலைக்குச் செல்லும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்க. சாதாரணதர வகுப்பில் அவள் பஸ்கால் மொழியைச் சிறிது கற்றிருப்பாள். நிக்கலோஸ் வேர்த் என்பார் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட அம்மொழியில், வகுத்தலில் எஞ்சும் மீதியைக் காண்பதற்கு ‘மொட்’ என்ற சொல்லும், ஈவின் முழுவெண்ணைக் காண்பதற்கு ‘டிவ்’ என்ற சொல்லும் உள்ளன. உயர்தர வகுப்பிற் பைதன் மொழிக்கு வந்தவுடன் அவ்விரு சொற்களும் மறைந்து, % என்றும் // என்றும் இரு குறிகள் அவ்விடத்தில் நிற்கின்றன. 17 % 5 என்பதைக் கண்டவள், கணித பாடத்திற் பழகிய சதவீதக் குறியையே நினைவாள். விடையோ 2. சொல்லாயிருந்தபோது சுட்டியில் எளிதாய்க் கண்டெடுக்கத்தக்கதாயிருந்த ஒன்று, குறியானவுடன் நூலுள்ளேயே காணாமற் போய்விட்டது. நகரத்து மாணவனாயின் தனியார் வகுப்பு ஆசிரியரை வினவுவான். மலைநாட்டில் வினவுதற்கு ஆளில்லாத இடங்கள் பல.

இவ்விடத்து மற்றொன்றும் நினைவுகூரத்தக்கது. தோட்டங்களில் ‘செக்றோல்’ எனப்படும் பதிவேட்டில் ஒரு தொழிலாளியின் பெயருக்கெதிரே இடப்படும் அடையாளம், அவர் அன்று பெறுவது முழுப்பேரா அரைப்பேரா என்பதைத் தீர்மானிக்கும். அவ்வடையாளத்தை வாசிக்கத் தெரியாதவர் தம் ஊதியம் குறைந்ததேன் என்று வினவவும் இயலாதவராயிருந்தார். குறியை அறிதல் புலவரின் பொழுதுபோக்கு என்று கருதுவோர் இதனை நோக்குக.

தமிழிலக்கண மரபு இச்சிக்கலை அறியாததன்று. எழுத்து என்பதும் ஒருவகைக் குறியே. அதனைப் பற்றிப் பேசவேண்டின் அதற்கொரு பெயர் வேண்டும். அதற்காகவே நம் முன்னோர் எழுத்துச் சாரியைகளை வகுத்தனர். குற்றுயிருக்குக் கரம், நெட்டுயிருக்குக் காரம், ஐ, ஔ என்பவற்றுக்குக் காரமும் கானும் என அவை அமையும். அகரம், ஆகாரம், ஐகான், ககரம் என்று வழங்கும்போது, வாய்க்கும் செவிக்கும் எட்டாத வரிவடிவம் ஒரு சொல்லாகி, வாக்கியத்தில் வேற்றுமையுருபு ஏற்று நடக்கின்றது. ஆய்தத்தை அதன் வடிவங்கொண்டு முப்பாற்புள்ளி என்றனர். தமிழ்ப் பேரகராதியில் அவ்வாய்தம் ஔகாரத்துக்குப் பின்னும் ககரத்துக்கு முன்னுமாகத் தனக்கோர் இடத்தைப் பெற்றுள்ளது.

வேற்றுமைகளுக்குப் பெயரிட்ட முறை இன்னும் நுட்பமானது. ஐ வேற்றுமை என்பது உருபினாற் பெற்ற பெயர். இரண்டாம் வேற்றுமை என்பது வரிசையெண்ணாற் பெற்ற பெயர். செயப்படுபொருள் வேற்றுமை என்பது பொருளாற் பெற்ற பெயர். ஒரே பொருளை மூவகையாலும் அணுகலாம். உருபை மட்டும் கண்டவன் ஐகாரத்திலே தேடுவான். பொருளை மட்டும் அறிந்தவன் செயப்படுபொருள் என்பதிலே தேடுவான். இருவரும் ஒரே சூத்திரத்தை அடைவர். செய்நிரல் நூலின் சுட்டிக்கு வேண்டப்படுவதும் இதுவே என்க. குறியின் உருவம், குறியின் பெயர், குறியின் தொழில் ஆகிய மூன்று வாயில்களும் திறந்திருத்தல் வேண்டும்.

பதிப்பாசிரியரும் நிகண்டாசிரியரும் இவ்வாயில்களை வெவ்வேறு காலத்திற் திறந்துள்ளனர். பழைய நிகண்டுகள் தேவர், மக்கள், விலங்கு எனப் பொருள்வகையாற் பெயர்களைத் தொகுத்தன. சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதியோ ஒரு சொல் பல்பொருளாதலை எதுகை முறையிற் கூறியது. நம் பாட்டன்மார் அதனை மனனம் பண்ணியே தமிழ் கற்றனர். 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பிரிவாக அமைந்தது. தேடுவான் ஒருவனல்லன், அவன் கையிலுள்ள திறவுகோலும் ஒன்றன்று என்பதை அம்முனிவர் நன்குணர்ந்திருந்தார். சங்கநூற் பதிப்புகளில் உ. வே. சாமிநாதையர் முதலானோர் சேர்த்த அகராதிகளும், இலக்கண நூற் பதிப்புகளிற் காணப்படும் சூத்திர முதற்குறிப்பகராதியும் அவ்வழியில் வந்தவை. முதற்குறிப்பகராதியைச் சிறப்பாக நோக்குக. சூத்திரம் எதைப் பற்றியது என்று அறியாதவனும், அதன் முதற்சீர் நினைவிலிருப்பின் அதனைக் கண்டுகொள்ளலாம். உருவங்கொண்டு பொருளை அடைதல் அது.

இவ்வளவுகோலைக் கொண்டு மேனாட்டு நூல்களை நோக்குவோம். பிரையன் கேர்ணிகன், டெனிஸ் றிச்சி என்னும் இருவரும் சி மொழியைப் பற்றி எழுதிய நூல் 1978இல் முதற்பதிப்பாகவும் 1988இல் இரண்டாம் பதிப்பாகவும் வெளிவந்தது. சுருக்கத்திலும் தெளிவிலும் அதற்கு நிகரான செய்நிரல் நூல் அரிது என்பர். அது மிகையன்று. இரண்டாம் பதிப்பின் சுட்டி, எழுத்துகளுக்கு முன்பே குறிகளைத் தனியாக வைத்துத் தொடங்குகின்றது. கண்டவுடன் மகிழ்ச்சி உண்டாகும். சற்று உற்று நோக்கினால் அம்மகிழ்ச்சி குன்றும். கூட்டற் குறி முதலில் வர, முகவரிக் குறியாகிய & அதனையடுத்து வருகின்றது. = என்பது அதன்பின் நிற்க, பெருக்கற் குறியோ நெடுந்தொலைவு தள்ளி நிற்கின்றது. காரணம் யாதெனின், குறிகள் அனைத்தும் தத்தம் ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. குறி இடப்பக்கம் நிற்கின்றது. வரிசையைத் தீர்மானிப்பதோ வலப்பக்கத்துப் பெயர். ஆகவே * என்பது ஓரிடத்திற் சுட்டுவழி மதிப்பைக் காட்டும் குறியாகவும், வேறோரிடத்திற் பெருக்கற் குறியாகவும் இருமுறை வருகின்றது. & என்பதும் அவ்வாறே. பெயரை அறிந்தவன் பெயரின்கீழேயே தேடிக்கொள்வான். அவனுக்கு இத்தனிப்பகுதி மிகை. பெயரறியாதவன் முழுப் பட்டியலையும் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய்ப் பார்த்தல் வேண்டும். பட்டியல் ஒரு பக்கத்தளவிற்குள் அடங்குவதால் இக்குறை அத்துணைத் துன்பம் தருவதில்லை எனலாம். ஆயினும், * என்பதன் முதல் இடத்தைக் கண்டவுடன் தேடலை நிறுத்திவிடும் மாணாக்கன் தவறான பக்கத்துக்கே செல்வான் என்பது ஒருதலை.

பைதன் மொழியின் விளக்கநூல் இவ்வகையில் வேறுபட்ட நெறியிற் செல்கின்றது. அதன் பொதுச்சுட்டியின் தலையில் குறிகளுக்கென ஒரு பகுதி உண்டு. அங்கே ஒரு குறி ஒரே இடத்தில் நிற்க, அதனருகே அடைப்பினுள் அதன் ஆங்கிலப் பெயரும், அதன்கீழ் அது பயிலும் இடங்கள் பலவும் தரப்பட்டுள்ளன. % என்பதன்கீழ், நாள் நேரங்களை எழுதும் அமைப்பு, எழுத்துச் சரங்களை அச்சிடும் அமைப்பு, கணிதச் செய்கை எனப் பல கிளைகள் பிரிகின்றன. * என்பதன்கீழ் இன்னும் பல. உருவம் முதல், பெயர் அடுத்து, தொழில் அதன்பின். மேலே கூறிய மூன்று வாயில்களும் ஓரிடத்தே அமைந்துள்ளமை காண்க. இப்பதிவுகள் தொடக்கத்திலேயே இவ்வளவு நிறைவாக இருந்தனவல்ல. 2018ஆம் ஆண்டளவிலேதான் இப்பகுதி பெரிதும் விரிவாக்கப்பட்டது. மொழி தோன்றி ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகளின் பின்னரே குறிகளுக்கு இந்நிறைவு கிட்டியது என்பதிலிருந்து, அறிஞர் உலகம் இதனை எவ்வளவு சிறிய காரியமாகக் கருதியிருந்தது என்பது விளங்கும்.

எனினும் குறை இல்லாமலில்லை. குறிகளின் வரிசை பெரும்பாலும் கணினியின் எழுத்துக் குறியெண் வரிசையைத் தழுவியுள்ளது. 1963இல் முதன்முதல் வெளியான அமெரிக்க நியமத்தின்படி உணர்ச்சிக்குறிக்கு 33, %க்கு 37, *க்கு 42, முக்காற்புள்ளிக்கு 58, @க்கு 64. இவ்வெண்களை எம்மாணாக்கனும் மனனம் பண்ணியிருப்பதில்லை. ஆதலின் அது கண்ணுக்கு வரிசையின்மையாகவே தோன்றும். தேடற்பெட்டியை நாடலாமே என்பாருக்கும் ஒன்று கூறவேண்டும். தேடற்பொறிகள் பெரும்பாலும் சொற்களையே சொல்லாகக் கொள்ளும். குறிகளை இரு சொற்களுக்கிடையே கிடக்கும் வெளியாகக் கொண்டு தள்ளிவிடும். இரண்டு உடுக்குறிகளை மட்டும் இட்டுத் தேடுவானுக்கு வெறுங்கையே மிஞ்சும். பொறிக்குள் எத்துணைப் பெருக்கமான அறிவு இருப்பினும், வாயிற்கதவு சொல்லுக்கு மட்டுமே திறக்கின்றது.

றஸ்ற் மொழியின் அடிப்படை நூல் பிற்சேர்க்கையொன்றை முழுதும் குறிகளுக்கே ஒதுக்கியுள்ளது. குறிகள் அங்கே ஓர் அட்டவணையிலன்றிப் பல அட்டவணைகளில் வகுக்கப்பட்டுள்ளன. செய்கைக்குறிகள் ஒன்றில்; தனித்து நிற்பன ஒன்றில்; பிறை அடைப்பு, சதுர அடைப்பு முதலியன தனித்தனியே. ஒரே * பெருக்கலாகவும், சுட்டப்பட்ட பொருளை அடைதலாகவும், வேறு வகையாகவும் தனித்தனி வரிசைகளில் வருகின்றது. ஒவ்வொன்றுக்கும் அது வாக்கியத்தில் நிற்கும் நிலை எடுத்துக்காட்டால் விளக்கப்படுகின்றது. நம் உரையாசிரியர்கள் ஏற்புழிக் கோடல் என்று வழங்கிய உத்தி இதுவே. ஒரு குறிக்குப் பொருள் அதனுள்ளே இல்லை. அது நிற்கும் இடத்தால் வருவது. அட்டவணையிலே எடுத்துக்காட்டைச் சேர்த்தமையே இந்நூலின் சிறப்பு. வெறும் பக்க எண்ணை மட்டும் தரும் சுட்டி, பல பொருட் குறியிடம் வந்தவனை நாற்சந்தியில் நிறுத்திவிட்டு நீங்குவது போல்வது. ஆயினும் எவ்வட்டவணையிற் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளவே சிறிது அறிவு முன்னர் வேண்டியிருத்தல் இதன் குறை.

பெயர் பற்றிய சிக்கல் தனியே நோக்கத்தக்கது. நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்தார். செய்நிரல் மொழிக்குறிகள் பெற்ற பெயர்களில் இருவகையும் உண்டு. மூன்றாவதாக, காரணம் இருந்தும் கேட்பானுக்கு எட்டாத பெயர்களும் உண்டு. பி.எச்.பி. மொழியில் இரட்டை முக்காற்புள்ளிக்கு அம்மொழியின் பொறியை எழுதிய இஸ்ரேலியர் தம் தாய்மொழியாகிய எபிரேயத்திலே ‘பாமாயிம் நெக்குடோத்தாயிம்’ என்று பெயரிட்டனர். இரட்டை முக்காற்புள்ளி என்பதே அதன் பொருள். ஆனால் பிழையொன்று நேர்ந்தபோது கணினித் திரையில் அப்பெயர் தோன்றக்கண்ட உலகத்தார் பலர் திகைத்தனர். இங்கே நிலை தலைகீழானது. பெயர் தெரியும், குறி தெரியாது. அம்மொழியின் விளக்கநூல் பெயரையும் குறியையும் எதிரெதிரே வைத்து ஓர் அட்டவணை தந்திருப்பது இதனாலேயே. தம் மொழியிற் பெயரிட்டமைக்காக அவர்களைப் பழிப்பது அறமன்று; ஆங்கிலப் பெயர்கள் அரநாயக்க மாணவிக்கு எபிரேயத்தினும் எவ்வகையில் இயல்பானவை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2019ஆம் ஆண்டில் வெளிவந்த பைதன் 3.8 என்னும் பதிப்பிற் புதிதாகச் சேர்ந்த := என்ற குறிக்கு வால்ரஸ் என்பது செல்லப் பெயர். வடதுருவக் கடலில் வாழும் அவ்விலங்கின் இரு கண்களும் இரு தந்தங்களும் போல அது தோன்றுவதாம். பனிக்கடலைக் காணாத நாட்டில் இக்காரணப்பெயர் இடுகுறியாகவே நின்றுவிடுகின்றது. இதனினும் கேடு, பஸ்காலைக் கற்று வந்த மாணவிக்கு := என்பது வெறும் மதிப்பிடற் குறி; பைதனில் அத்தொழிலைச் செய்வது =. மீண்டும் := எதிர்ப்படும்போது பழைய பழக்கத்தால் அதனை இது என்று கொள்வாள். பைதனின் := மதிப்பை இடுவதோடு அம்மதிப்பைக் கோவையினுள்ளேயே விடையாகவும் தரும் என்பதைச் சுட்டி காட்டவில்லையேல் வேறு யார் காட்டுவர்? // என்பதும் அவ்வாறே. −7 என்பதை 2ஆல் முழுவெண் வகுத்தல் செய்யின் பஸ்காலின் டிவ் −3 எனவும், பைதனின் // −4 எனவும் விடையிறுக்கும். இரண்டும் ஒன்றென எழுதிவிடும் கலைச்சொற்றொகுதி உதவி செய்ததாகாது.

தமிழ்ச் சொற்களாலேயே செய்நிரல் எழுதும் முயற்சியாகிய எழில் என்னும் மொழியை முத்தையா அண்ணாமலை ஆக்கினார். 2009ஆம் ஆண்டில் அதுபற்றிய அவர் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. பதிப்பி, ஆனால், இல்லை, வரை, முடி என்பன அதன் சொற்கள். நிபந்தனையை முன்வைத்து ‘ஆனால்’ என்பதைப் பின்வைக்கும் தமிழ் வாக்கிய முறையை அது போற்றுகின்றது. அதனைப் பாராட்டாதார் இலர். ஆனால் அந்நிபந்தனையின் தலையிலே @ என்ற குறி நிற்கின்றது. சொற்கள் தமிழாயின, குறி பழையபடியே உள்ளது. பைதனிலோ அதே @, 2004 முதல் சார்பொன்றுக்கு அணிசெய்யும் அடையாளமாகவும், 2015 முதல் தாயப் பெருக்கத்தின் குறியாகவும் வழங்குகின்றது. இத்தாலியர் அதனை நத்தை என்பர். எபிரேயர் ஒருவகைச் சுருள் தின்பண்டத்தின் பெயரால் அழைப்பர். தமிழர் அதனை ஆங்கில ஒலியாலேயே அழைத்துவிட்டுச் செல்வர்.

பாடநூல்கள் சிலவற்றின் இறுதியிற் கலைச்சொற்றொகுதி தரப்படுகின்றது. அது நன்று. ஆயினும் அது சொற்றொகுதியேயன்றிக் குறித்தொகுதியன்று. தமிழிற் செய்நிரல் நூல் எழுதுவார், குறிகளை உருவ இனத்தாற் பகுத்து வைத்தல் தக்கது எனத் தோன்றுகின்றது. புள்ளியால் ஆனவை முதலில், கோட்டால் ஆனவை அடுத்து, அடைப்புகள் அதன்பின், சிக்கலான வடிவங்கள் ஈற்றில். இரண்டு சேர்ந்து வருபவற்றை முதற்குறியின் இனத்தில் வைக்கலாம்; := புள்ளியினத்தது, -> கோட்டினத்தது. இது புதுமையன்று. ஒலிப்பு அறியாத எழுத்தைக் கண்டுபிடிக்கும் பொருட்டுச் சீனர் தம் எழுத்துகளை உறுப்பு வடிவங்களாற் பகுத்தனர். 1716இல் நிறைவெய்திய காங்சி அகராதி 214 உறுப்புகளின்கீழ் அவற்றை அடுக்கியது. நம்மிடத்தும் தேவை இல்லாமலில்லை. பழங்கணக்குகளில் வழங்கிய ௳, ௴, ௵, ௶, ௷, ௸ என்னும் குறிகள் 2003இல் உலகப் பொதுக் குறிமுறையில் இடம்பெற்றன. பின்னங்களையும் பிறவற்றையும் குறிக்கும் வேறு 51 வடிவங்கள் 2019இற் சேர்க்கப்பட்டன. நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு, மேற்படி என அவற்றின் பெயர் அறிந்தார் இன்று எத்தனை பேர்? பாட்டனாரின் கணக்கேட்டில் ௷ என்பதைக் காணும் பேரன் எவ்வகராதியில் எவ்வெழுத்தின்கீழ் அதனைத் தேடுவான்?

உருவப் பகுதியின் ஒவ்வொரு குறிக்கும் எதிரே தமிழ்ப் பெயர் வரவேண்டும். அப்பெயர் நூலின் பொதுவான அகரவரிசையிலும் தனியே வரவேண்டும். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, வினாக்குறி என்பன வகுப்பறையில் முன்னரே வழங்குவன. உடுக்குறி, பிறை அடைப்பு என்பனவும் விளங்கத்தக்கன. பெயருக்குப் பின் தொழில், தொழிலுக்கொரு சிற்றெடுத்துக்காட்டு, அதன்பின் பக்க எண். முதன்மையான பக்கத்தை அடிக்கோட்டால் வேறுபடுத்திக் காட்டுவது டொனால்ட் நூத் தம் அச்சுக்கோப்பு நூலின் சுட்டியிற் கையாண்ட முறை, அதனையும் ஏற்கலாம். இவ்வாறு அமைப்பின் % என்பதைக் கண்ட மாணவி, இரு சிறு வட்டங்களும் ஒரு சாய்கோடும் கொண்ட அதனைச் சிக்கல் வடிவங்களுள்ளே காண்பாள்; அருகே ‘வகுத்தலின் மீதி, 17 % 5 = 2’ என்பதையும், அதன்கீழ் ‘சதவீதம் அன்று’ என்ற எச்சரிக்கையையும் வாசிப்பாள். பக்கத்தைப் புரட்டாமலே அவள் ஐயம் பாதி தீர்ந்துவிடும்.

இம்முறையில் இன்னும் தீராத ஒன்று உண்டு. @ என்பதன் உருவத்தைக் கோட்டினத்திற் சேர்ப்பதா, சிக்கல் வடிவங்களிற் சேர்ப்பதா என்பதை எளிதில் முடிவுசெய்துவிடலாம். பெயர்ச்சுட்டியில் அதனை எவ்வெழுத்தின்கீழ் வைப்பது? அகரத்தில் வைத்தால் அது ஆங்கில ஒலியின் பெயர்ப்பாகவே நின்றுவிடும். சகரத்திற் சுழியென வைப்பின், வகரத்தில் வளையமென வேறொருவர் வைப்பர். ஒருவர் நூலிற் கற்றவன் மற்றொருவர் நூலில் அதனைக் காணமாட்டான். எழில் மொழிக்கோ பைதனுக்கோ தமிழில் அடுத்து நூலியற்றுவார் தம்முட் கூடி இவ்வொரு குறிக்கேனும் ஒரு பெயரை வரையறுத்துவிட்டே சுட்டியைத் தொடங்கவேண்டியவராயிருக்கின்றனர்.